யார் உட்கார்கிறார், யார் நிற்கிறார்?

மாணவர் குறும்படங்களுக்கும் ஆல்பம் பாடல்களுக்கும் சில கேள்விகள்

காலை நேர மின்சார ரயில் பொத்தேரியில் நின்றால் பெட்டிகள் பாதி காலியாகிவிடும். இறங்குகிறவர்களில் பெரும்பாலோர் மாணவர்கள். மதுராந்தகம், செய்யூர், திருக்கழுக்குன்றம் பக்கத்துக் கிராமங்களில் இருந்து வரும் முதல் தலைமுறைப் பட்டதாரிகளும் அந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். ஆதிதிராவிடர் நல விடுதியில் தங்கிப் படிக்கிறவர்களும் இருக்கிறார்கள். விஸ்காம் படிக்கிறவர் மட்டுமில்லை, பொறியியலும் பி.காமும் ஐ.டி.ஐ.யும் படிக்கிறவரும் இன்று படம் எடுக்கிறார். குறும்படம், ஆல்பம் பாடல், முப்பது நொடி ரீல்ஸ் என்று ஏதோ ஒன்று அவர்கள் கைபேசியில் உருவாகிக்கொண்டே இருக்கிறது.

ஒரு தலைமுறைக்கு முன் இது நடக்காத காரியம். கேமரா வாடகை, பிலிம் சுருள், எடிட்டிங் அறை என்று எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும், ஆள் பழக்கமும் வேண்டும். சேரியில் பிறந்தவருக்கு அந்தக் கதவு எளிதில் திறக்கவில்லை. இன்று கைபேசியே கேமரா, அதிலேயே எடிட்டிங், யூடியூப்தான் தியேட்டர். கருவி நம் கைக்கு வந்துவிட்டது. ஆனால், அந்தக் கருவியில் நாம் எடுக்கும் படத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார், யார் கைகட்டி நிற்கிறார்? இதைக் கேட்காமல் எடுத்தால், நம் கையால் நம்மையே மறுபடியும் வாசலுக்கு வெளியே நிறுத்திவிடுவோம்.

வகைமை என்னும் வார்ப்பு

கிராமத்துப் படம், காதல் படம், பேய்ப் படம், ரவுடிப் படம், கானா பாட்டு என்று நாம் பிரித்துச் சொல்கிறோம். கல்லூரியில் இதை 'ஜானர்' என்பார்கள், தமிழில் வகைமை. ஒவ்வொரு வகைமைக்கும் எழுதப்படாத விதிகள் உண்டு. பேய்ப் படம் என்றால் கதவு கிறீச்சிட வேண்டும். காதல் படம் என்றால் முதல் பார்வையில் காற்றடித்துத் துப்பட்டா பறக்க வேண்டும். பார்ப்பவருக்கும் எடுப்பவருக்கும் இடையிலான ஒப்பந்தம் இது. தெரிந்த வழியில் கதை போவதால் கூட்டம் நிம்மதியாக உட்கார்ந்து பார்க்கிறது. பத்து நிமிடப் படம் எடுக்கும் மாணவருக்கு இந்த விதிகள் பெரிய உதவி. எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

சிக்கல் எங்கே என்றால், இந்த விதிகளோடு சேர்ந்து சாதியும் உள்ளே வந்துவிடுகிறது. 'கிராமத்துப் படம்' என்ற வார்ப்பையே எடுத்துக்கொள்வோம். 1992-இல் 'சின்ன கவுண்டர்', 'தேவர் மகன்', 1993-இல் 'எஜமான்', 1994-இல் 'நாட்டாமை' என்று அடுத்தடுத்து வந்த வெற்றிப் படங்களில் அந்த வார்ப்பு கெட்டிப்பட்டது. ஆலமரம், மேடை, மடிப்புக் கலையாத வேட்டி, மீசை, தீர்ப்பு. அந்தத் தீர்ப்பைக் கேட்டுத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்கும் ஒரு கூட்டம். மேடையில் இருப்பவருக்குப் பெயரும் பாட்டும் உண்டு. கீழே நிற்பவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டும் இருப்பதில்லை. நடித்தவர்கள் திறமைசாலிகள், பாடல்களும் இனிமையானவை. அதனால்தான் வார்ப்பு அவ்வளவு ஆழமாகப் பதிந்தது.

அதே காலத்தில் நம் மாவட்டத்தில் என்ன நடந்தது? 1994 அக்டோபர் 10 அன்று பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தார்கள். காரணை கிராமத்து நிலத்தைக் கேட்டு எழுந்த போராட்டம் அது. அடுத்த மாதம் தீபாவளிக்கு 'நாட்டாமை' வந்தது. நிஜக் கிராமத்தில் நிலம் கேட்டவர்கள் குண்டடிபட்டுச் செத்த அந்த நாட்களில், திரைக் கிராமத்தில் எல்லோரும் நாட்டாமையின் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டு வாழ்ந்துகொண்டிருந்தார்கள். யாரும் சதி செய்து இப்படி நடத்தவில்லை. நிலம் கேட்கிற தலித் நிற்பதற்கு அந்த வார்ப்பில் இடமே இருக்கவில்லை.

நம் கைபேசியிலும் ஒரு வார்ப்பு

இது பழைய சினிமா சங்கதி என்று தள்ளிவிட முடியாது. இன்று மாணவர்களே அதிகம் தயாரிக்கும் ஒரு வகைமை இருக்கிறது. அதற்குப் பாடப்புத்தகத்தில் பெயர் இல்லை, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் மட்டும் உண்டு. மெதுவாக நடந்து வரும் கால்கள், வண்டி வரிசை, கையில் கலர் கயிறு, சில நேரம் அரிவாள், பின்னணியில் சினிமா வசனம், மேலே சாதித் தலைவரின் படம், கீழே சாதிப் பெயர். எடிட்டிங் நன்றாக இருக்கும். பதினைந்து வயதுப் பையன் செய்திருப்பான். 'நாட்டாமை' மேடையின் சுருக்கப் பதிப்புதான் இது. மூன்று மணி நேரம் முப்பது நொடியாகிவிட்டது.

இது விளையாட்டோடு நிற்பதில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியலினப் பள்ளி மாணவர் ஒருவரும் அவர் தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்டார்கள். வெட்டியவர்களும் மாணவர்கள். அதன் பிறகு தமிழக அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துருவின் ஒரு நபர் குழு, 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. சாதியைக் காட்டும் கலர் கயிறு போன்ற அடையாளங்களைப் பள்ளியில் தடை செய்ய வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. கையில் இருக்கும் கயிற்றைப் பள்ளி வாசலில் கழற்றி வைக்கலாம். கைபேசியில் இருக்கும் கயிற்றை யார் கழற்றுவது? எடுக்கிறவரும் பகிர்கிறவரும்தான்.

வார்ப்பை மீறியதற்குக் கல்லடி

வார்ப்பை மீறியவருக்கு என்ன நடந்தது என்பதற்கு இந்தியச் சினிமாவின் தொடக்கத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறது. மலையாளத்தின் முதல் திரைப்படமான 'விகதகுமாரன்' படத்தில் நாயகியாக நடித்தவர் பி.கே.ரோசி, ஒரு தலித் பெண். அவர் ஏற்ற வேடம் ஒரு நாயர் பெண். நடிப்பு என்றாலே இன்னொருவராக மாறுவதுதான். ஆனால் தலித் பெண் ஒருத்தி உயர்சாதிப் பெண்ணாகத் திரையில் தோன்றுவதை அன்றைய ஆதிக்கச் சாதியினர் பொறுக்கவில்லை. ரோசி தாக்குதலுக்கு ஆளானார், ஊரைவிட்டே போக நேர்ந்தது. தமிழ்நாட்டுப் பக்கம் வந்து, வேறு பெயரில் வாழ்ந்து மறைந்தார். முதல் நாயகிக்கு அடுத்த படமே இல்லை.

இன்று அவர் பெயரில் நீலம் பண்பாட்டு மையம் திரைப்பட விழா நடத்துகிறது. ரோசியின் பெயரைத் தேடிப் படிப்பது கேமரா எடுக்கும் ஒவ்வொரு மாணவிக்கும் முதல் பாடமாக இருக்கட்டும்.

உள்ளே புகுந்து மாற்றியவர்கள்

வகைமையே வேண்டாம் என்று ஒதுங்குவது ஒரு வழி. ஆனால் அப்படி எடுத்த படம் பெரும்பாலும் விழாக்களோடு நின்றுவிடும். நம் அம்மாவும் அத்தையும் பார்க்க மாட்டார்கள். தமிழில் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் நடந்தது வேறு. வார்ப்பை அப்படியே எடுத்துக்கொண்டு, அதற்குள் இருக்கை மாற்றினார்கள்.

சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியில் படித்த பா.ரஞ்சித்தின் முதல் படம் 'அட்டகத்தி' (2012). புறநகர் கிராமத்துப் பையன், பேருந்துப் பயணம், காதல் தோல்வி என்று எல்லாமே தெரிந்த விஷயங்கள். ஆனால் தோற்றவுடன் தாடி வளர்த்துத் தண்ணியடிக்க வேண்டிய நாயகன், இங்கே சோகமாக இருக்க முயன்று, அதிலும் தோற்றுப்போகிறான். தலித் குடியிருப்பின் வாழ்க்கை அழுகையாக மட்டுமே காட்டப்பட்டுவந்த நிலையில், அங்கே சிரிப்பும் சாப்பாடும் கேலியும் இருப்பதை அந்தப் படம் சாதாரணமாகக் காட்டியது. அவரே எடுத்த 'கபாலி' (2016) தாதா படம்தான். நாயகன் முதலில் தோன்றும்போது சிறையில் உட்கார்ந்து புத்தகம் படிக்கிறான். ஒய்.பி.சத்தியநாராயணா எழுதிய 'மை ஃபாதர் பாலய்யா' என்னும் தலித் குடும்ப வரலாறு அது. 'காலா'வில் (2018) கறுப்பு உடுத்தியவன் நாயகன், வெள்ளை உடுத்தியவன் வில்லன். நிறத்துக்கு இருந்த பழைய விதியை அந்தப் படம் திருப்பிப்போட்டது.

மாரி செல்வராஜின் முதல் படமான 'பரியேறும் பெருமாள்' 2018 செப்டம்பரில் வந்தது. இதை ஒவ்வொரு மாணவரும் ஒரு முறை கதைக்காகவும் இன்னொரு முறை கட்டுமானத்துக்காகவும் பார்க்க வேண்டும். கல்லூரிப் படத்துக்கு உரிய எல்லாமே அதில் இருக்கிறது. புதிதாகச் சேரும் மாணவன், ஆங்கிலம் தெரியாத தவிப்பு, கேலி செய்யும் கும்பல், சிரிக்கவைக்கும் நண்பன், உதவும் தோழி, பாட்டு. கூட்டம் காதல் படம் பார்க்க உட்கார்கிறது. ஆனால் நாயகன் தன் மனதில் இருப்பது காதல்தானா என்று கண்டுபிடிக்கவே அவனுக்கு அவகாசம் தரப்படவில்லை. திருமண வீட்டில் அவனுக்கு நடக்கும் அவமானத்தோடு படம் வேறு பாதையில் திரும்பிவிடுகிறது. விபத்து என்று எழுதப்படும் மரணங்கள் உண்மையில் ஆணவக் கொலைகள் என்பதைச் சாதுவாகத் தெரியும் ஒரு முதியவர் வழியே காட்டுகிறது. அப்பாவாக வருபவர் ஊரையே அடக்கும் மீசைக்காரர் இல்லை, பெண் வேடமிட்டு ஆடும் தெருக்கூத்துக் கலைஞர். நிஜ நாட்டுப்புறக் கலைஞரான நெல்லை தங்கராஜ் அதில் நடித்தார்.

கடைசியில் பழிவாங்கல் வரும் என்று காத்திருக்கும் கூட்டத்துக்கு இரண்டு கண்ணாடித் டம்ளர்களும் நடுவே ஒரு பூவும்தான் கிடைக்கின்றன. தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை பார்த்த ஊர்களில், அந்த இரண்டு டம்ளர்களையும் யாரும் விளக்க வேண்டியதில்லை. எப்போதும் பிரித்து வைக்கப்பட்டவை அங்கே பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன.

அவரது 'மாமன்னன்' (2023) இன்னும் நேராகப் பேசியது. 'தேவர் மகன்' படத்தில் இசக்கியாக வந்து கையை இழந்த வேலையாளாக நடித்தவர் வடிவேலு. அந்த இசக்கி மாமன்னன் ஆனால் எப்படி இருக்கும் என்ற எண்ணமே தன் படம் என்று மாரி செல்வராஜ் பாடல் வெளியீட்டு விழாவில் சொன்னார். 'மாமன்னன்' படத்தில் அதே வடிவேலு சட்டமன்ற உறுப்பினர். ஆனாலும் ஆதிக்கச் சாதித் தலைவர் வீட்டில் அவருக்கு நாற்காலி இல்லை. படத்தின் மொத்தச் சண்டையும் அந்த நாற்காலியைச் சுற்றித்தான். முப்பது ஆண்டு இடைவெளியில் ஒரே நடிகரை நிற்கவும் உட்காரவும் வைத்த இரண்டு படங்களை அடுத்தடுத்துப் பார்த்தால், வகைமை என்றால் என்ன என்பது எந்தப் பாடப்புத்தகமும் இல்லாமல் புரிந்துவிடும்.

ஒரு மாணவர் படத்தில் தொடங்கியது

இவையெல்லாம் கோடிகளில் எடுத்த படங்கள், எங்களால் முடியுமா என்று கேட்கலாம். மராட்டியத்தின் நாகராஜ் மஞ்சுளேயைச் சொல்ல வேண்டும். சோலாப்பூர் மாவட்டத்து ஜேவூர் கிராமத்தில், கல் உடைக்கும் வதார் சமூகத்தில் பிறந்தவர். அகமத்நகரில் முதுநிலை படித்தபோது கல்லூரிப் பாடத்தின் பகுதியாக அவர் எடுத்த குறும்படம் 'பிஸ்துல்யா'. படிக்க ஆசைப்படும் ஒரு சிறுவனை வறுமை திருட்டுக்குத் தள்ளும் கதை. அந்த மாணவர் படம் தேசிய விருது பெற்றது.

பிறகு 'ஃபன்ட்ரி' (2013) எடுத்தார். பாதிப் படம் பள்ளிக்கூடக் காதல் கதைபோல இனிக்கும். அந்தச் சிறுவனின் குடும்பம் ஊர்க்காரர்கள் முன்னால் பன்றி பிடிக்க வேண்டிவரும்போது படம் மாறும். முடிவில் அவன் எறியும் கல் திரையில் இருந்து நம்மை நோக்கி வரும். இவ்வளவு நேரம் வேடிக்கை பார்த்த நீயும் அந்த ஊர்க்காரனே என்று அந்தக் கல் சொல்கிறது. அடுத்து வந்த 'சைராத்' (2016) படத்தின் பாடல்கள் மராட்டியம் முழுக்க ஆட்டம் போட வைத்தன. அதே படத்தின் கடைசிக் காட்சியில் சத்தமே இல்லை. இளம் தம்பதியின் கொலையைப் பின்னணி இசை இல்லாமல், அழுகைச் சத்தமும் இல்லாமல் காட்டினார். அத்தனை பாட்டுக்குப் பிறகு வரும் அந்த அமைதிக்குப் பணம் செலவாகவில்லை. எந்த இடத்தில் இசையை நிறுத்துவது என்ற தெளிவுதான் தேவைப்பட்டது. கைபேசியில் படம் எடுப்பவரும் அதைச் செய்யலாம்.

கானாவும் பறையும்

ஆல்பம் பாடல்களுக்கு வருவோம். சினிமாவில் பறை ஒலித்தால் பெரும்பாலும் இரண்டே இடம்தான், சாவு அல்லது குடி. கானா என்றால் கைலி, கேலி, காதல் தோல்வி. கானா பாடுகிறவர் ஆண். இந்த விதிகளையும் யாரோ ஒருவர் உட்கார்ந்து எழுதவில்லை. படத்துக்குப் படம் படிந்தவை.

2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழு மேடையேறியது. பா.ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசைக் கலைஞர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு அது. அயோத்திதாசப் பண்டிதர் முன்வைத்த 'சாதியற்ற தமிழர்' என்ற கருத்தில் இருந்து பெயர் வந்தது. கானாவும் பறையும் ராக்கும் ராப்பும் ஒரே மேடையில் நின்றன. இட ஒதுக்கீடு, மாட்டுக்கறி, மலக்குழி மரணம், அம்பேத்கர் எல்லாம் கானாவுக்குப் பொருளாயின. தாளம் மாறவில்லை, ஆடுகிறவர்கள் ஆடினார்கள், ஆடிக்கொண்டே கேட்டார்கள். அந்தக் குழுவில் பாடிய இசைவாணி, ஆண்களின் கோட்டையாக இருந்த கானாவில் பெண் குரலாக எழுந்தார். 2020-இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் அவர் பெயர் இடம்பெற்றது.

அதே குழுவில் பாடிய அரக்கோணத்துக்காரர் அறிவு. 2021 மார்ச்சில் தீயும் அவரும் பாடி வெளியான 'எஞ்சாய் எஞ்சாமி' உலகம் முழுக்கப் போனது. ஆல்பம் பாடல் என்றால் கார், தங்கச் சங்கிலி, வெளிநாட்டுத் தெரு என்றிருந்த வார்ப்புக்குள், நிலமற்ற கூலிகளின் கதை நுழைந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையே அதற்கு ஊற்று என்று அறிவு சொன்னார். ஒப்பாரியின் இழுவையும் ராப்பின் வேகமும் ஒரே பாட்டில் சேர்ந்தன. கல்யாண வீடுகளில் குழந்தைகள் அதற்கு ஆடினார்கள்.

அந்தப் பாட்டின் பிற்கதையும் மாணவர்களுக்குப் பாடம். 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் அறிவின் படம் இல்லாததை பா.ரஞ்சித் வெளிப்படையாகக் கண்டித்தார். அடுத்த ஆண்டு மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தது. 2022 ஜூலை 28 அன்று சென்னையில் நடந்த தொடக்க விழாவில் இந்தப் பாட்டைத் தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் பாடினார்கள். அறிவு மேடையில் இல்லை. பாட்டை எழுதியதும் மெட்டமைத்ததும் பாடியதும் தானே என்று சில நாட்களில் அவர் எழுதினார். சந்தோஷ் நாராயணனும் தீயும் தங்கள் தரப்பு விளக்கத்தை வெளியிட்டார்கள். 2024 மார்ச்சில், இந்தப் பாட்டுக்காக எங்கள் யாருக்கும் ஒரு பைசாகூட வரவில்லை என்று சந்தோஷ் நாராயணனே சொன்னார்.

யார் பக்கம் நியாயம் என்று நாம் தீர்ப்பு எழுத வரவில்லை. உலகமே கேட்ட பாட்டுக்கே இந்த நிலை என்றால், பொத்தேரியில் நான்கு நண்பர்கள் சேர்ந்து போடும் பாட்டுக்கு என்ன ஆகும்? எனவே, வெளியிடும் முன் ஒரு தாளில் எழுதுங்கள். வரி யாருடையது, மெட்டு யாருடையது, பாடியவர் யார், பறை அடித்தவர் யார், வருமானம் வந்தால் யாருக்கு எவ்வளவு. எல்லோரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கு ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் வந்த திருத்தம், பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் பங்கு உண்டு என்றும், அந்த உரிமையை எழுதிக் கொடுத்தாலும் செல்லாது என்றும் பொதுவாகச் சொல்கிறது. சாவு வீட்டில் அடித்துவந்த பெரியவரை அழைத்து ஒரு நாள் முழுக்கப் பறை அடிக்கவைத்து, பெயர் போடும் இடத்தில் 'நன்றி: ஊர் மக்கள்' என்று மட்டும் போடுவதும் ஒரு சுரண்டலே.

பரிதாப வகைமை

முற்போக்கு மாணவர்கள் எளிதில் மாட்டிக்கொள்ளும் இன்னொரு வார்ப்பும் உண்டு. ஆண்டுதோறும் மாசி மகத்துக்கு இருளர் மக்கள் மாமல்லபுரம் கடற்கரையில் கூடுகிறார்கள். கடலோரத்தில் குடில் போட்டுத் தங்கிக் கன்னியம்மனை வணங்குகிறார்கள். அங்கேயே திருமணங்கள் நடக்கின்றன, குழந்தைகளுக்குப் பெயர் வைக்கிறார்கள். அங்கே கேமராக்களும் கூடுகின்றன. சுருங்கிய முகத்தின் நெருக்கக் காட்சி, செருப்பில்லாத குழந்தையின் கால், பின்னணியில் வயலின், வெளியூர்க் குரலில் ஒரு விளக்கம். பேசவேண்டியவர்கள் கடைசிவரை பேசுவதில்லை. இதுவும் நிற்க வைக்கும் வேலைதான். நாட்டாமை அதட்டி நிற்க வைத்தார், நாம் இரக்கத்தோடு நிற்க வைக்கிறோம்.

இதற்கு மாற்று என்ன என்று தமிழ் ஆவணப்படங்கள் காட்டியிருக்கின்றன. ஆர்.பி.அமுதன் எடுத்த 'பீ' மதுரைத் துப்புரவுப் பணியாளர் மாரியம்மாளின் ஒரு நாள் வேலையைக் கூடவே நடந்து காட்டியது. முகம் சுளித்தாலும் பார்வையாளர் தப்பிக்க வழியில்லை. திவ்யபாரதியின் 'கக்கூஸ்' (2017) மலமள்ளும் தொழிலாளர்களையே பேசவைத்தது. திரையிடல்களுக்குத் தடை வந்தபோது யூடியூபுக்குப் போய் இன்னும் அதிகம் பேரைச் சேர்ந்தது. மாசி மகத்துக்குப் போகும் மாணவர் கேமராவை ஒரு இருளர் பெண்ணிடம் கொடுத்துப் பார்க்கட்டும். அவர் எதைப் படம் பிடிக்கிறார்? மகள் கல்யாணத்தையா, சமையலையா, நம்மையா? அந்தப் படம் நாம் எடுப்பதைவிட நிச்சயம் வேறாக இருக்கும்.

படப்பிடிப்புக்கு முன்

கதையைத் தாளில் எழுதியதும் சிலவற்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். முதல் காட்சியில் யாருக்கு நாற்காலி இருக்கிறது? கேமரா யாரை நிமிர்ந்து பார்க்கிறது, யாரைக் குனிந்து பார்க்கிறது? யாருக்குப் பெயர் இருக்கிறது, யார் வெறும் 'வேலைக்காரர்', 'பாட்டி'? சிரிப்புக் காட்சியில் நாம் சிரிப்பது ஒருவரின் நிறத்தையா, பேச்சையா, தொழிலையா? ரவுடி என்றால் உடனே ஹவுசிங் போர்டு குடியிருப்பைப் படம் பிடிக்கப் போகிறோமே, ஏன்? பேய்ப் படம் என்றால் சுடுகாட்டுக்குப் போகிறோம். அந்தச் சுடுகாட்டுக்குப் பாதை இல்லாமல் வயல் வழியே பிணம் தூக்கிப்போகும் மக்கள் இருப்பது நமக்குத் தெரியுமா? பேய்க் கதையின் விதி ஒன்றையும் மீறாமலே அதைச் சொல்லலாம். பிணத்துக்கு வழி மறுத்த வீட்டுக்குப் பேய் வந்து வழி கேட்டால் போதும்.

நாயகியையும் பாருங்கள். ஆணவக் கொலைக் கதை என்றாலும் அவள் அழுவதற்கும் சாவதற்கும் மட்டும்தான் வருகிறாளா? சாதி ஒழிப்புப் படத்தில் பெண்ணுக்கு வசனம் இல்லை என்றால், ஒரு வார்ப்பை உடைத்து இன்னொன்றைக் காப்பாற்றுகிறோம் என்று பொருள்.

கதை தேடி எங்கும் போக வேண்டியதில்லை

செங்கல்பட்டு மண்ணிலேயே கதைகள் குவிந்து கிடக்கின்றன. இங்கே கலெக்டராக இருந்த டிரமென்ஹீர் 1891-இல் பறையர் மக்களின் நிலை குறித்து எழுதிய அறிக்கைதான் பஞ்சமி நிலத்துக்கு அடிப்படை. அதை அடுத்து 1892-இல் அரசு ஆணை வந்தது. அந்த நிலத்தைப் பட்டியலின மக்கள் அல்லாதவருக்கு விற்க முடியாது என்பது விதி. ஆனாலும் கை மாறிப்போன நிலங்கள் ஏராளம். 'அசுரன்' (2019) பஞ்சமி நிலத்தைப் பழிவாங்கும் கதைக்குள் வைத்துப் பேசியது. நம் ஊர் மாணவர் அதையே ஒரு துப்பறியும் கதையாக எடுக்கலாம். வில்லங்கச் சான்று, அ-பதிவேடு, பழைய பட்டா என்று தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் இருந்து ஒரு பேத்தி துப்புத் துலக்கினால், அதில் இல்லாத விறுவிறுப்பா? தாலுகா அலுவலகத்து மேசைதான் அதன் உச்சக்காட்சி. பேத்தி அங்கே உட்கார்ந்து பேசுகிறாளா, நின்று பேசுகிறாளா என்பது உங்கள் கையில்.

மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், அம்பேத்கரோடு லண்டன் வட்டமேசை மாநாட்டில் உட்கார்ந்தவர். இந்த மாவட்டத்துச் சேரியில் இருந்து புறப்பட்டு அந்த மேசைவரை போன ஒருவரின் வரலாற்றை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் காட்சியாகப் பார்த்திருக்கிறார்கள்? காரணைப் போராட்டத்தை நேரில் கண்டவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். ஆண்டுதோறும் அக்டோபர் 10 அன்று ஜான் தாமஸுக்கும் ஏழுமலைக்கும் வீரவணக்கம் செலுத்தப்படுகிறது. அந்தக் கூட்டத்தில் வயதானவர்கள் பேசுவதைக் கைபேசியில் பதிவு செய்வதே ஒரு தொடக்கம். இன்னும் பத்து ஆண்டு கழித்துக் கேட்டால் சொல்ல ஆள் இருக்காது.

சினிமாவுக்குப் போகிற வழியும் முன்போல அடைபட்டுக் கிடக்கவில்லை. கலைஞர் தொலைக்காட்சியின் 'நாளைய இயக்குநர்' நிகழ்ச்சியில் குறும்படம் எடுத்த கார்த்திக் சுப்பராஜ், நலன் குமாரசாமி போன்றவர்கள் இன்று பெரிய இயக்குநர்கள். பா.ரஞ்சித் முன்னெடுத்த 'கூகை திரைப்பட இயக்கம்' சென்னையில் நூலகமும் கலந்துரையாடலும் நடத்திவந்திருக்கிறது. வாய்ப்புக்காக என்று சொல்லிப் பழைய வார்ப்பை அப்படியே ஊற்றித் தர வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

கூட்டம் கைதட்டும் காதல் படம் எடுங்கள், குத்துப் பாட்டும் போடுங்கள், பேயையும் ரவுடியையும் கொண்டுவாருங்கள். நம் மக்களுக்கு அழுகை மட்டும் போதாது, கொண்டாட்டமும் வேண்டும். அந்தக் கொண்டாட்டத்தில் நம் பாட்டிக்கும் பறை அடிக்கும் பெரியவருக்கும் ஒரு நாற்காலி போட்டுவிட்டு, பிறகு 'ஆக்‌ஷன்' சொல்லுங்கள்.